தேக்வாண்டோவா, ஹாப்கிடோவா? மணல் பாதையில நடந்து வர்ற பிள்ளைக்கு எது உதவும்?

உச்சிப்புளி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 17 வயசு, ராமநாதபுரத்துல காலேஜ் சேர்ந்திருக்கா. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்கணும். மணல் பாதை, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், தெருவிளக்கு ஒண்ணு எரிஞ்சா ஒண்ணு எரியாது. பஸ்ஸுக்குள்ள படுற பாடு தனிக்கதை.

பக்கத்து ஸ்கூல் மைதானத்துல வாரம் மூணு நாள் தேக்வாண்டோங்கிற கொரியச் சண்டைக் கலை கிளாஸ் நடக்குது. போட்டிக்குத்தான் பிள்ளைகளைத் தயார் பண்றாங்க. ராமநாதபுரத்துல ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாப்கிடோ சொல்லித் தர்றாங்களாம், அதுவும் கொரியாக் கலைதான், கையைப் பிடிச்சா விடுவிக்கிறது, விழுறது, அந்த மாதிரி. ரெண்டுக்கும் அனுப்ப வசதி இல்ல.

மெடல் வேணாம், தப்பிச்சு வீடு வந்து சேரணும். அதுக்கு எது? சுடிதாரும் ரப்பர் செருப்பும் போட்டுக்கிட்டு மணல்ல நின்னு காலைத் தூக்கி உதைக்கிறது நடக்கிற காரியமா? வீட்டுல என்ன பழகலாம்? எத்தனை மாசத்துல ஏதாவது கைக்கு வரும்?


கடற்கரை மாஸ்டர்:

அக்கா, போட்டி கிளாஸ்னு உடனே ஒதுக்கிடாதீங்க. ஆனா அந்தப் போட்டி விதி உடம்புல என்ன பழக்கத்தை ஏத்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க.

ஒலிம்பிக் பாணி தேக்வாண்டோல முகத்துல கையால குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. பிடிக்கக் கூடாது. மார்புக் கவசத்துல குத்து விழுந்தா 1 புள்ளி, உதை விழுந்தா 2, தலையில உதை விழுந்தா 3. சுழன்று உதைச்சா அதுக்கு மேல இன்னும் 2. புள்ளி பூரா கால்லதான் இருக்குங்கிறதால பிள்ளைங்க கையைத் தொங்கவிட்டே ஆடிப் பழகிடுறாங்க. எலெக்ட்ரானிக் கவசம் வந்ததுக்கு அப்புறம் முன்காலைத் தூக்கி வச்சுக்கிட்டு தட்டித் தட்டிப் புள்ளி எடுக்கிறது வேற. அந்தத் தட்டு சென்சாருக்குப் போதும், 70 கிலோ ஆளுக்கு உறைக்காது. ரெண்டு பேரும் ஒட்டி நின்னா நடுவர் பிரிச்சு விட்டுடுவார்.

பாதையில வர்றவன் முதல்ல செய்யுறது என்ன? கையைப் பிடிப்பான், முடியைப் பிடிப்பான், இல்ல முகத்துல அறைவான். இந்த மூணுக்கும் போட்டிப் பயிற்சியில பதில் கிடையாது. சாம்பியன் பிள்ளை கூட முதல் அறையில தடுமாறி நிக்கிறதுக்குக் காரணம் இதுதான், திறமைக் குறைவு இல்ல.

அதே கிளாஸ்ல வேற எங்கேயும் லேசுல கிடைக்காத மூணு சரக்கு இருக்கு. எதிராளி எவ்வளவு தூரத்துல நின்னா ஆபத்துன்னு கண்ணு அளக்கப் பழகும். அடி பட்டாலும் மூச்சு நிக்காம அடுத்ததைச் செய்ய வரும். இடுப்பிலிருந்து உதைக்கத் தெரியும். ஹோசின்சுல்ங்கிற தற்காப்புப் பகுதியும் தேக்வாண்டோவுக்குள்ளயே இருக்கு, மாஸ்டர்களுக்குத் தெரியும், நேரம் ஒதுக்குறதில்ல, அவ்வளவுதான். வாரத்துல ஒரு நாள் கடைசி இருபது நிமிஷம் அதுக்குக் கொடுக்கச் சொல்லி நாலு பெற்றோர் சேர்ந்து கேளுங்க. ஒருத்தர் கேட்டா காதுல விழாது.

உதை விஷயத்துக்கு வர்றேன். தற்காப்புக்கு மூணு உதையும் ஒரு முட்டியும் போதும்.

முதல்ல மிரோ சாகி, தள்ளு உதை. முட்டியை நெஞ்சு உயரத்துக்கு மடக்கித் தூக்கணும், அப்புறம் முழு உள்ளங்காலையும் அவன் அடிவயித்துல வச்சு இடுப்பை முன்னால தள்ளணும். காலை நீட்டி எறியக் கூடாது. நீட்டி எறிஞ்சா அவன் பிடிச்சுக்குவான், இல்ல நீங்களே பின்னால சாய்வீங்க. முட்டி எவ்வளவு மடங்குதோ அவ்வளவு பலம். உதைச்சதும் அந்தக் காலை முன்னால போட்டுடாம பின்னாடி இழுத்து வச்சுட்டுத் திரும்பி ஓடணும். பழகும்போதே உதை, இழு, ஓடுன்னு மூணையும் சேர்த்துப் பழகலைன்னா அன்னைக்கு உதைச்ச இடத்துலயே நிப்பாங்க.

ரெண்டாவது தாழ்ந்த யொப் சாகி, பக்கவாட்டு உதை. போட்டியில தப்பாட்டம், ஆனா இங்க இதுதான் பிரயோஜனம். குறி முட்டிக்குக் கொஞ்சம் கீழே, முன்னெலும்பு. குதிகாலும் பாதத்தோட வெளி ஓரமும் படணும். பட்டதும் அப்படியே வழுக்கிக் கீழே இறக்கி அவன் புறங்கால்ல மிதிக்கலாம்.

மூணாவது அப் சாகி, நேர் உதை. தொடை நடுவுல. ஷூ போட்டிருந்தா முன்பாதத்தால அடிக்கலாம். செருப்புக் கால்ல அடிக்கவே கூடாது, விரல் மடங்கிச் சுளுக்கும், செருப்பு பறந்து போகும். வெறுங்காலா இருந்தா கணுக்காலுக்கு மேல இருக்கிற தட்டையான எலும்பால அடிக்கணும். ஒட்டி நிக்கிறவனுக்கு உதை எல்லாம் எடுபடாது, முட்டிதான்.

பக்கவாட்டுலேர்ந்து வளைச்சு வீசுற உதை, அதான் டோல்யோ சாகி, அதை மணல்ல மறந்துடுங்க. அதுக்கு ஊன்றுகால் நல்லா திரும்பி குதிகால் எதிராளியைப் பார்க்கணும். சிமென்ட் தரையில திரும்பும். மணல்ல பாதம் புதைஞ்சு நின்னுடும், உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு பூரா முட்டித் தசைநார்ல இறங்கும். உச்சிப்புளியிலேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும் பாதையோரம் இளமணல்தான், சரளை மேல தூவின மணல் இன்னும் மோசம், அது வழுக்கும். அதனால நேரா போற உதை, நேரா வர்ற கால், தாழ்ந்த குறி.

ரப்பர் செருப்பைப் பத்திக் கேட்டீங்க. முடிஞ்சா பின்பட்டை வச்ச செருப்பு வாங்கிக் கொடுங்க. இல்லைன்னா தப்பா ஏதாவது தோணின அந்த நொடியே செருப்பை உதறிடச் சொல்லிக் கொடுங்க. ஓடும்போது முதல்ல காலை வாருறது அதுதான். கருவேல முள் குத்தும்ங்கிறது நிஜம். வார் செருப்பே மேல்.


தொண்டிப்பாய்:

மாஸ்டர் சொன்னதுக்கு மறுப்பு இல்லை. விட்டதை நான் சொல்கிறேன் அக்கா.

ஹாப்கிடோ கொஞ்சம் வேறு வழியில் வந்தது. ஜப்பானில் டைட்டோ-ரியூ என்ற மடக்குக் கலையைக் கற்றதாகச் சொன்ன சோய் யோங்-சுல், 1945க்குப் பிறகு கொரியா திரும்பி தேகு நகரத்தில் சொல்லிக் கொடுத்தது அது. அவர் மாணவர் ஜி ஹான்-ஜே உதைகளையும் சேர்த்துப் பரப்பினார். அதனால் பிடி விடுவிப்பு, மூட்டு மடக்கு, தூக்கிப் போடுதல், விழும் முறை, கூடவே உதை என்று எல்லாம் ஒரே கூடையில் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. கோளாறு எங்கே என்றால், பல வகுப்புகளில் பிடிக்கிறவர் தளர்வாகப் பிடித்து, மடக்கியதும் தானாகவே விழுந்துகொடுப்பார். அப்படி ரெண்டு வருஷம் பழகினாலும் நிஜமாக இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் நடக்காது.

கைப்பிடி விடுவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் வலது மணிக்கட்டை எதிரே நிற்பவன் இடது கையால் பிடிக்கிறான். எல்லாரும் செய்வது பின்னால் இழுப்பது. அவனுடைய நாலு விரலுக்கு எதிராக இழுக்கிறோம், தோற்போம். பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடைவெளி. விரல்களை நன்றாக விரிக்க வேண்டும், முன்கை நரம்பு இறுகி மணிக்கட்டு கொஞ்சம் பருக்கும். வலது காலை அவனை நோக்கி அரை அடி வைக்க வேண்டும். முன்கையின் ஒல்லியான ஓரம் அந்த இடைவெளியைப் பார்க்கும்படி திருப்பி, முழங்கையை அவன் முழங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டே உள்ளங்கையைத் தன் இடது தோளுக்குக் கொண்டுவர வேண்டும். கை இழுபடுவதில்லை, முழங்கை முன்னே போகிறது. சும்மா இருக்கும் இடது கை முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். விடுபட்ட கணமே ரெண்டு எட்டு பின்னால், திரும்பி ஓட்டம்.

எங்கே கெடும்? கால் வைக்காமல் தோளால் மட்டும் முயன்றால் கெடும். உடம்பு பின்னால் சாய்ந்திருந்தால் கெடும். அவன் ஆள் பெரியவன் என்றால் வெறும் விடுவிப்பு போதாது. முதலில் முன்னெலும்பில் ஒரு உதை, அவன் கவனம் காலுக்குப் போகும் அரை நொடியில்தான் கை வரும். ஒரு கையை அவன் ரெண்டு கையாலும் பிடித்தால், பிடிபட்ட கையை முஷ்டியாக்கி, மறு கையை அவன் ரெண்டு கைகளுக்கு நடுவே விட்டு அந்த முஷ்டியைப் பற்றி, முழங்கையைத் தாழ்த்தி மேலே உருவ வேண்டும்.

முடியைப் பிடித்தால் விலகி இழுக்கவே கூடாது. கழுத்து சுண்டும், தோலோடு வரும். அவன் கை மேல் தன் ரெண்டு கையையும் வைத்துத் தலையோடு அழுத்திக்கொண்டு அவன் பக்கமே நெருங்க வேண்டும். வலி பாதி குறையும், கால் சும்மா இருக்கும், உதைக்கலாம்.

பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தால் உடனே இடுப்பைக் கீழே இறக்கி, காலை அகட்டிவிட வேண்டும். நின்ற வாக்கில் இருப்பவரைத் தூக்குவது சுலபம், உட்கார்ந்த பாரத்தைத் தூக்குவது கஷ்டம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். குதிகாலால் அவன் புறங்காலில் மிதி, இடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, தாழ்ந்த கையால் தொடை நடுவில் அடி. பிடி தளரும்போது அவன் சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்துப் பின்னால் வளைக்க வேண்டும். மொத்தக் கையைப் பிரிக்கப் போனால் நடக்காது.

மணிக்கட்டு மடக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் சித்திரை, வைகாசி வெக்கையில் வேர்வை வழிகிற கையில் மடக்கு நிற்காது, வழுக்கும். அடித்துக் கவனம் திருப்பாமல் மடக்கப் போனாலும் வராது. மடக்கி வந்துவிட்டாலும் அப்புறம் என்ன செய்வது? பிடித்துக்கொண்டே நிற்க முடியுமா? இவளுக்கு மடக்கு இரண்டாம் வருஷப் பாடம். முதலில் விடுவிப்பும் நாக்பப்பும்.

நாக்பப் என்பது விழும் முறை. தற்காப்பில் இதைத்தான் ஆயுசுக்கும் பயன்படுத்தப் போகிறோம், படியில் வழுக்கினால்கூட. குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொடங்க வேண்டும். தாடை நெஞ்சோடு, முதுகை வளைத்து உருண்டு, தோள்பட்டை தரையைத் தொடும்போது ரெண்டு கையும் உடம்பிலிருந்து 45 டிகிரி விலக்கித் தரையில் உள்ளங்கையோடு அறைய வேண்டும், அதே நேரம் மூச்சை வெளியே விட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். தலையைத் தூக்காவிட்டால் பின்மண்டை அடிபடும். உட்கார்ந்து நன்றாக வந்த பிறகுதான் நின்று விழ வேண்டும். கடற்கரையில் பழகலாமே என்று தோன்றும். அலை அடித்து ஈரமான மணல் சிமென்ட் மாதிரி கடினம், காய்ந்த மணலில் சிப்பியும் பாட்டில் துண்டும் கிடக்கும். சல்லடை போட்டுப் பார்த்த இடமாக இருந்தால் சரி. வகுப்பில் மேட் எத்தனை கனம் என்று பாருங்கள். 20, 25 மில்லிமீட்டர் உதை பழகத்தான் ஆகும். தூக்கிப் போடுவதற்கு 40 மில்லிமீட்டராவது வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: வாரம் ஒரு நாள் ஹாப்கிடோவைவிட வாரம் மூணு நாள் தேக்வாண்டோவில் உடம்பு அதிகம் தயாராகும். அதோடு வீட்டில் விடுவிப்பு பழகினால் ஈடாகிவிடும். ஹாப்கிடோக்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல மனசு வரவில்லைதான்.


கம்புக்காரன்:

சிலம்பம் நம்ம மண்ணு. கொரியாவுக்கு ஏன் போகணும்? தூரம் அளக்கவும் கால் வைக்கவும் சிலம்பத்தை மிஞ்சி ஒண்ணு இருக்கா?


கடற்கரை மாஸ்டர்:

இல்லண்ணே. கால்வரிசை பழகின பிள்ளைக்கு எங்க உதை பாதி நாள்ல வந்துடும். ஆனா நெத்தி உயரக் கம்பை யாரு பஸ்ல கொண்டு போறது? கையில இருக்கிறது குடையும் பையும்தான். குடையைச் சொல்லிக் கொடுங்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு நுனியால நேரா குத்துறது. சுழட்டி அடிச்சா மடக்குக் குடை ஒரே அடியில வளைஞ்சிடும். ஹாப்கிடோல சின்னக் கம்பு, தான் போங்னு, ஒரு சாண் சொச்சம் நீளத்துல இருக்கு, அந்தப் பிடி முறையும் குடைக் காம்புக்கு ஒத்து வரும்.


வாடைக்காற்று:

தங்கச்சி, ரெண்டு பேரும் கையையும் காலையும் பத்தியே பேசிட்டாங்க. பொண்ணுங்களுக்கு வர்ற தொந்தரவுல பெரும்பங்கு உதைக்கிற அளவுக்குப் போறதில்ல. அதுக்கு முந்தின கட்டத்துக்கு என்ன பழகணும்னு சொல்றேன்.

முதல்ல துப்பட்டா. ரெண்டு தோள்லயும் பின் குத்தினா பின்னாலேர்ந்து இழுக்கிறவனுக்கு அதுவே கழுத்துக் கயிறு. ஒரு பக்கம் மட்டும் குத்தட்டும், இழுத்தா கையோட போகட்டும். காலேஜ் ஐடி கார்டு டேக் அதே மாதிரி, பஸ்ஸை விட்டு இறங்கினதும் கழட்டிப் பைக்குள்ள போட்டுடணும். முடியைப் பின்னலா தொங்க விடாம கொண்டை போடலாம். பர்தா போடுற கீழக்கரைப் பிள்ளைங்க கேட்பாங்க, அவங்களுக்கு முட்டி உயரத்துக்கு மேல உதையே வேணாம். ஒரு கையால துணியைத் தொடைக்கிட்ட கொத்தாப் பிடிச்சுத் தூக்கிட்டு முன்னெலும்புல உதைக்கிறது, புறங்கால்ல மிதிக்கிறது, முழங்கையால இடிக்கிறது, இதுவே போதும். ஆனா கிளாஸ்ல டோபோக்ங்கிற வெள்ளைப் பயிற்சி உடுப்பு போட்டு மட்டும் பழகினா வராது, தினம் போடுற உடுப்புலயே பழகணும்.

அடுத்தது குரல். தேக்வாண்டோல கியாப்னு கத்துறாங்களே, அதை வார்த்தையா மாத்துங்க. ரெண்டு கையும் நெஞ்சு உயரத்துல, உள்ளங்கை அவனைப் பார்த்து, ஒரு கால் பின்னால. பார்க்கிறவனுக்குக் கெஞ்சுற மாதிரி இருக்கும், நிஜத்துல அதுதான் தற்காப்பு நிலை, அறை வந்தா தடுக்கவும் முகத்துல உள்ளங்கை வீசவும் கை ஏற்கெனவே மேல இருக்கு. "தள்ளி நில்லு!" ரெண்டே வார்த்தை, அடிவயித்துலேர்ந்து. "ஏண்ணா இப்படி பண்றீங்க"ன்னு கேள்வி கேட்டா பேச்சு வளரும், அவன் நெருங்கிட்டே இருப்பான். கூட்டம் இருந்தா பொதுவா கத்தினா ஆளாளுக்கு அடுத்தவன் பார்ப்பான்னு நிப்பாங்க. ஒருத்தரைக் காட்டிச் சொல்லணும்: "நீலச் சட்டை அண்ணே, 112க்கு போன் போடுங்க." இந்தக் குரல் வீட்டுக்குள்ள வராது. கூச்சம். காத்து அடிக்கிற நேரம் கடற்கரையில நிக்க வச்சு, இருபது அடி தள்ளி நீங்க நின்னுக்கிட்டு, உங்க காதுக்குத் தெளிவா விழுற வரைக்கும் கத்தச் சொல்லுங்க.

கையால அடிக்கணும்னா முஷ்டி வேணாம். பழகாத முஷ்டி மண்டை எலும்புல பட்டா சுண்டுவிரல் பக்க எலும்பு முறியும். உள்ளங்கையோட அடிப்பகுதி, விரலைப் பின்னால வளைச்சு, முழங்கை கீழ நோக்கி, மூக்குக்கோ தாடைக்கோ.

பஸ்ல உதையும் இல்ல, ஸ்ப்ரேயும் இல்ல. பையை முன்னால மாட்டி, கைய மடக்கி முழங்கை வெளிய நிக்கிற மாதிரி கம்பியைப் பிடிச்சா ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம் கிடைக்கும். மேல மேல படுறவனைப் பார்த்துச் சத்தமா, "கையை எடு"ன்னு சொல்லிட்டு அடுத்த வார்த்தை கண்டக்டர்கிட்ட. பெண்களைத் தொந்தரவு பண்றதைத் தடுக்க 1998லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு. பின்தொடர்றது, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவுல குற்றம். மகளுக்கு 18 ஆகலை, போக்சோவும் பொருந்தும், குழந்தைகள் உதவி எண் 1098ம் அவளுக்காகத்தான் இருக்கு. போன்ல காவல் உதவி செயலியைப் போட்டு அவசர பட்டன் எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு தொடுற அளவுக்குப் பழகட்டும்.

மிளகு ஸ்ப்ரே வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம கரையில காத்து சும்மா இருக்காது. ஆடிக் காத்து தென்மேற்கிலேர்ந்து, ஐப்பசிக்கு மேல வாடை வடகிழக்கிலேர்ந்து. எதிர்க்காத்துல அடிச்சா மொத்தமும் அவ கண்ணுக்குத்தான் வரும். புகை மாதிரி பரவுற வகையை விட்டுட்டு நேர்க்கோட்டுல பீய்ச்சுற வகையா வாங்குங்க. காலி ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னுட்டு அடிக்கப் பழகட்டும். பைக்கு அடியில கிடந்தா இருந்தும் இல்லாத மாதிரிதான், கையில இருக்கணும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்னு யாராவது கேட்பீங்க. நியாய சன்ஹிதா 34லேர்ந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமை. அதுல 37 சொல்றது, காத்துக்கத் தேவையான அளவுக்கு மேல தீங்கு செய்யக் கூடாது. கீழ விழுந்தவனைத் திரும்பி வந்து மிதிச்சா அது தற்காப்புக் கணக்குல வராது. விழுந்தான்னா ஓடணும், அவ்வளவுதான்.


உச்சிப்புளி அம்மா:

எல்லாரும் இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. துப்பட்டா விஷயம் இதுவரைக்கும் மண்டையில ஏறவே இல்ல. அப்போ தேக்வாண்டோவுக்கே அனுப்புறேன். வீட்டு வேப்பமரத்துல மூட்டை கட்டி உதைக்க விடலாமா? மணல்தான் வாசல்லயே கொட்டிக் கிடக்கு. இன்னொண்ணு, கத்தி காட்டினா என்ன செய்யணும்னு அந்த கிளாஸ்ல சொல்லித் தருவாங்களாம். பெல்ட் டெஸ்ட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பணம் கட்டணும்ங்கிறாங்க.


தொண்டிப்பாய்:

கத்தி என்றால் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு ஓடுவதுதான் பாடம். சொல்லித் தருகிறேன் என்பவரிடம் ஒரு சோதனை வைக்கலாம். மாஸ்டருக்கு வெள்ளைச் சட்டை, இன்னொருவர் கையில் மூடி திறந்த சிவப்பு ஸ்கெட்ச் பேனா. முப்பது நொடி, அவர் இஷ்டத்துக்குக் குத்தட்டும், கீறட்டும், மாஸ்டர் தடுக்கட்டும். சட்டையில் எத்தனை கோடு விழுந்தது என்று மகளே எண்ணிப் பார்க்கட்டும். ஒத்துக்கொண்டு செய்து காட்டுகிற மாஸ்டர் நல்ல மாஸ்டர், கோடு எத்தனை விழுந்தாலும். சோதனைக்கே வராமல், கத்தியைக் கையால் பிடுங்கலாம் என்று உறுதி கொடுப்பவரிடம் அந்தப் பகுதியைக் கற்க வேண்டாம்.

கத்தி வைத்திருப்பவனுக்கும் நமக்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டும். நிறுத்திய வண்டி, படகு, பை. பையை நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கலாம்.


கடற்கரை மாஸ்டர்:

மணல் மூட்டை வேணவே வேணாம் அக்கா. ரெண்டு நாள் தொங்கினா மணல் அடியில இறங்கிக் கெட்டியாயிடும், உப்புக் காத்து ஈரத்துல இன்னும் இறுகும். உதைக்கிற பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கும். பழைய சேலை, லுங்கி, கிழிஞ்ச பெட்ஷீட், எல்லாத்தையும் கையகலத் துண்டா வெட்டி ரெண்டு அரிசிச் சாக்கை ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டுத் திணிச்சுத் திணிச்சு அடைங்க. 20, 25 கிலோ வந்தா போதும். நைலான் வலைக்கயிறுல கட்டலாம், ஆனா கிளைல நேரா கட்டினா கயிறு அறுத்துடும், நடுவுல ஒரு பழைய டயர்த் துண்டு வைங்க. மூட்டையோட நடு அவ தொப்புள் உயரத்துக்கு இருக்கட்டும்.

உதைக்கு முன்னால மூணு நிமிஷம் ஸ்கிப்பிங், கால் வீசல். குந்தி உட்கார்ந்து இழுக்கிற நீட்டல் எல்லாம் கடைசியில, உடம்பு சூடான பிறகு. தள்ளு உதை ஒரு காலுக்கு 20, தாழ்ந்த பக்கவாட்டு உதை 20, முட்டி 20, ஒவ்வொண்ணுக்கும் உதைச்சதும் பத்து எட்டு ஓட்டம். காத்துல வேகமா உதைக்க விடாதீங்க, நிறுத்த எதுவும் இல்லாம முட்டி பின்னால வெட்டும். காத்துல மெதுவா, மூட்டையில வேகமா. அப்புறம் பத்து நிமிஷம் நீங்களே அவ கையை நிஜமா இறுக்கிப் பிடிங்க. முதல் வாரம் கால்வாசி பலத்துல, அடுத்த வாரம் அரைவாசி, அப்புறம் முழு பலத்துல. அவங்க அப்பாவோ சித்தப்பாவோ பிடிச்சா இன்னும் நல்லது, ஆம்பளைக் கை வேற. வாரம் மூணு நாள், காலையில 7 மணிக்குள்ள முடிச்சிடுங்க. அக்னி நட்சத்திரத்துல சாயங்காலம் கூட வேணாம். முடிச்சதும் ஒரு செம்பு நீச்சத்தண்ணி, உப்புப் போட்டு.

இப்படிச் செஞ்சா மூணு மாசத்துல தள்ளு உதை, கை விடுவிப்பு, குரல் மூணும் யோசிக்காம வரும். அதுக்கு மேல முடி பிடி, பின் கட்டு. ஒரு வருஷம் தொடர்ந்து போனா ஆள் நடையே மாறிடும்.

பெல்ட் டெஸ்ட்டைப் பத்தி. வெள்ளையிலேர்ந்து கறுப்பு வரைக்கும் பத்து படி, கூப்னு சொல்வாங்க, அதெல்லாம் உள்ளூர் மாஸ்டர் வைக்கிற டெஸ்ட்தான். கட்டணம் எவ்வளவு, என்னென்னத்துக்குன்னு எழுதி வாங்கிடுங்க. தற்காப்புக்குத்தான் வந்தோம், டெஸ்ட் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எழுதுறோம்னு சொல்லலாம், பயிற்சியை நிறுத்த மாட்டாங்க. நிறுத்தினா வேற இடம் பாருங்க. கறுப்பு பெல்ட்டுக்குக் கேட்டா மட்டும் அது குக்கிவோன் சான்றிதழான்னு கேளுங்க. சியோல்ல 1972ல ஆரம்பிச்ச நிலையம், அவங்க கொடுக்கிற டானுக்கு, அதாவது கறுப்பு பெல்ட் படிக்கு, நம்பர் இருக்கும், அவங்க தளத்துலயே சரிபார்க்கலாம்.

சேர்க்கிறதுக்கு முன்னால ஒரு நாள் முழு கிளாஸையும் உட்கார்ந்து பாருங்க. ஒருத்தருக்கொருத்தர் மோதுற பயிற்சி இருக்கா, பொண்ணுங்களை உயரமான பையனோட ஜோடி போட்டு விடுறாங்களா, பல்லுக் காப்பு போடச் சொல்றாங்களா, பெண் உதவியாளர் யாராவது இருக்காங்களான்னு பாருங்க. பூம்சேவும், அதாவது எதிராளி இல்லாம தனியா செய்யுற அசைவு வரிசையும், ஓடு உடைக்கிறதும் மட்டுமே நடந்தா உடற்பயிற்சிக்கு நல்லது, உங்க காரியத்துக்கு ஆகாது.


உச்சிப்புளி அம்மா:

சித்தப்பா கை பிடிக்கத் தயார்னுட்டார். பல்லுக் காப்பு ராமநாதபுரத்துல கிடைக்குமா, ஆன்லைன்லதானா?


வாடைக்காற்று:

ஸ்போர்ட்ஸ் கடையிலயே கேட்டுப் பாருங்க, குத்துச்சண்டைக்கு விக்கிறதுதான். வெந்நீர்ல போட்டு மென்மையாக்கிக் கடிச்சு அச்சு எடுக்கிற வகையா வாங்குங்க. டப்பா மேல அச்சடிச்சிருக்கிற நேரத்துக்கு மேல கொதிக்கிற தண்ணியில விட்டா சுருங்கிப் போகும், வெளிய எடுத்ததும் ஒரு தடவை பச்சைத் தண்ணியில முக்கிட்டு வாயில வைங்க. பல்லுல கம்பி போட்டிருந்தா டாக்டரைக் கேட்காம அச்சு எடுக்காதீங்க.